வாழை வைக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. குளித்தலைப் படுகையில் இரண்டு ஏக்கர், வாய்க்கால் பாசனம், கூடவே ஒரு போர், வருகிற பட்டத்தில் வாழை வைப்பதென்று முடிவு. எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: எந்த ரகம் வைத்தால் நல்ல காசு பார்க்கலாம்?

அதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், வாழையைப் பற்றி நீ அடிப்படையாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாம் வாழைமரம் என்கிறோம், அது மரமில்லை. வெளியே தெரிகிற தண்டு முழுக்க இலைமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியதுதான். மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. அந்தக் கிழங்கின் உச்சியில் ஒரு சிறு முனை இருக்கிறது. நட்ட நாளிலிருந்து அது இலையாக விட்டுக்கொண்டே வரும். நான்காவது ஐந்தாவது மாத வாக்கில், ரகத்துக்கும் பராமரிப்புக்கும் ஏற்ப, இலை விடுவதை நிறுத்திப் பூவை உண்டாக்க ஆரம்பிக்கும். தாரில் எத்தனை சீப்பு வரும் என்பது அப்போதே, கிழங்கை ஒட்டிய இருட்டுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பிறகுதான் அந்தப் பூ தண்டின் நடுவே ஏறிவந்து, ஏழாம் எட்டாம் மாதத்தில் குலை தள்ளும். குலை வெளியே வந்த பிறகு நீ மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் காய் கொஞ்சம் பருக்குமே தவிர, ஒரு சீப்பு கூடாது.

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நட்டதும் தண்ணீரைத் திருப்பிவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார்கள். குலை தள்ளியதும் ஓடிவந்து கவனிக்கிறார்கள். முதல் ஐந்து மாதம் நீ தோட்டத்தில் இருக்க முடியாதென்றால் இந்த வருடம் வாழை வேண்டாம். உளுந்து போடு.

இனி ரகத்துக்கு வருவோம். தேனிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து கிராண்ட் நைன் வைக்க ஆசைப்படுகிறாய். நல்ல ரகம்தான். நன்றாகக் கவனித்தால் 25, 30 கிலோ தார் போடும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த ரகம் தனியாக நிற்கவில்லை. மலையடிவாரத்துத் தட்பவெப்பம், சொட்டுநீர், திசு வளர்ப்புக் கன்று, சீப்பாக அறுத்துக் கழுவிப் பெட்டியில் அடுக்குகிற கூடம், குளிர்சாதன லாரி என ஒரு முழு ஏற்பாடே அதன் பின்னால் இருக்கிறது. அதெல்லாம் இல்லாமல் ரகத்தை மட்டும் கொண்டுவந்து நட்டால், உள்ளூர் மண்டியில் ரோபஸ்டா விலைக்குத்தான் போகும்.

உன் படுகை மண்ணுக்கும் நம் பக்கத்து வியாபாரத்துக்கும் பூவன் தோதானது. கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பூவன் வைக்கிறார்கள் என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. வாடல் நோயைத் தாங்கும். பழமும் விற்கும், இலையும் விற்கும். ரஸ்தாளிக்கு விலை அதிகம் என்பாய். உண்மை. ஆனால் வாடல் நோய் முதலில் தேடுவது ரஸ்தாளியைத்தான். உன் வயலில் முன்பு எப்போதாவது வாழை வாடிச் செத்ததா என்று அப்பாவிடமும் பக்கத்து வயல்காரரிடமும் கேள். ஆமாம் என்றால் ரஸ்தாளியை மறந்துவிடு. கற்பூரவல்லி வறட்சியையும் ஓரளவு உப்பு மண்ணையும் தாங்கும். ஆனால் 14 மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், வாடலும் வரும். நேந்திரன் வைப்பதாயிருந்தால் கேரளச் சந்தையை நம்பித்தான் வைக்க வேண்டும். ஓணம் ஆவணியில் வரும். ஐப்பசியில் நட்டால்தான் அந்த விலைக்குத் தார் கைக்கு வரும். உனக்கு என் யோசனை: பெரும்பகுதி பூவன். ஓரமாக ஒரு கால் காணி நிலத்தில் மட்டும் உனக்குப் பிடித்ததை வைத்துப் பழகிக்கொள்.

ரகத்துக்கு அடுத்தது கன்று. இந்தக் கடிதத்தில் நீ இரண்டு முறை படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

காட்டு வாழையில் கல் கல்லாக விதை இருக்கும். நாம் தின்னும் வாழையில் விதை இல்லை. கன்றைப் பெயர்த்து நட்டுத்தான் வளர்த்துவருகிறோம். அதனால் உன் தோட்டத்து இரண்டாயிரத்து நானூறு வாழையும், பக்கத்து ஊர்த் தோட்டத்துப் பூவனும் ஏறக்குறைய ஒரே உடம்பு. ஒன்றைக் கொல்கிற நோய் எல்லாவற்றையும் கொல்லும். கன்றை வாங்கும்போது அந்தத் தோட்டத்து மண்ணையும் பூச்சியையும் நோயையும் சேர்த்தே வாங்குகிறாய். ஆகவே கன்றைப் பார்க்காதே, தாய்த்தோட்டத்தைப் பார். குலை நிற்கிற சமயத்தில் போய்ப் பார். தார் ஒரே சீராக இருக்கிறதா, இலையில் கோடு, புள்ளி உண்டா, தண்டின் அடி வெடித்திருக்கிறதா என்று வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசு.

கன்றில் இரண்டு வகை. தாயின் கிழங்கோடு ஆழமாக ஒட்டி, கூம்பிய தண்டும் வாள்போலக் குறுகிய இலையுமாக வருவது ஈட்டிக் கன்று. மேலாக முளைத்து, சின்ன வயதிலேயே அகல இலை விரிப்பது நீர்க் கன்று. பார்க்கப் பசுமையாக, செழிப்பாக இருப்பது நீர்க் கன்றுதான். புதிதாக வருபவர்கள் அதைத்தான் ஆசையோடு பொறுக்குவார்கள். அதன் கிழங்கில் வலு இருக்காது. உனக்கு வேண்டியது இரண்டு மூன்று மாத வயதுள்ள, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ தேறுகிற ஈட்டிக் கன்று. எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். அளவு மாறினால் குலை தள்ளுவதும் மாறும். வெட்டுக்கூலி, வண்டிக்கூலி எல்லாம் இரட்டிக்கும்.

கன்றை எடுத்துவந்த அன்றே தோல் சீவ வேண்டும். கூரான அரிவாளால் பழைய வேர்களை ஒட்ட அறு. பிறகு கிழங்கின் மேல்தோலை மெல்லச் சீவு. மண்ணும் கருத்த தோலும் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிய வேண்டும். சீவிய இடத்தில் பழுப்பாக ஒரு துளை தெரிந்து, அது உள்ளே வளைந்து ஓடினால் கிழங்குக் கூன்வண்டின் புழு போன வழி. துளை ஆழமில்லையென்றால் சீவி எடுத்துவிடலாம். ஆழமாகப் போயிருந்தால் கன்றையே கழித்துவிடு. வெள்ளைச் சதையில் செம்பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் அது வாடல் நோய்க் காளான் குடியேறிய அடையாளம். அந்த ஒரு கன்றை மட்டுமல்ல, அந்தத் தோட்டத்துக் கன்று முழுவதையும் திருப்பி அனுப்பு. முன்பணம் போனால் போகட்டும். சுத்தமான கன்றுகளைச் சூடோமோனாஸ் கரைசலில் அரைமணி நேரம் முக்கி, நிழலில் ஆறவிட்டு நடு. சீவிய தோலையும் வேரையும் வயலிலேயே போட்டுவிட்டு வராதே.

கன்று விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் ஒரு காலத்தில் விருப்பாச்சி வாழை பரந்து கிடந்தது. பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன பழம். முடிக்கொத்து நோய் வந்து அந்தத் தோட்டங்களை அழித்தது. அசுவினிப் பூச்சி அந்த நோயைச் செடிக்குச் செடி பரப்பும். ஆனால் மலைவிட்டு மலை, ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது மனிதர் கையில் போகும் கன்றுதான். விருப்பாச்சியும் சிறுமலை வாழையும் 2008-இல் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். செடியைக் காப்பது நோயில்லாத கன்று.

திருச்சிக்குப் பக்கத்தில் தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். இப்படி ஒரு வசதி எல்லா ஊர் வாழை விவசாயிக்கும் கிடைக்காது. மண்ணைக் கொண்டுபோய்ச் சோதித்துக்கொள். அங்கே வளர்த்துவைத்திருக்கும் ரகங்களை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வா. திசு வளர்ப்புக் கன்று வாங்குவதாக இருந்தாலும் வைரஸ் சோதனை செய்த கன்றுதானா, அதற்குச் சான்று உண்டா என்று கேட்டு வாங்கு. ஒரு அடி உயரம், ஐந்தாறு இலை இல்லாத கன்றைத் தொடாதே. நிழல்வலையில் வளர்ந்த பிள்ளை அது. சித்திரை வெயிலில் நட்டால் கருகிவிடும்.

நடவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடிக்கு ஆறடி, ஒன்றரை அடிக் குழி, தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும். ஆனால் நடுவதற்கு முன்னால் வடிகால் வெட்டிவிடு. படுகை மண்ணில் மழைக்காலத்தில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். 2018, 2022 ஆடி ஆவணி வெள்ளத்தில் காவிரியில் எவ்வளவு தண்ணீர் போனது என்பது உனக்கே தெரியும். தண்ணீர் வயலுக்குள் வருவதை உன்னால் தடுக்க முடியாது. வந்த தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் வடிய வழி செய்வது உன் கையில் இருக்கிறது.

வாழை வேர் ஆழமாகப் போகாது. பெரும்பாலும் மேல் ஒன்றரை அடிக்குள்ளேயே படர்ந்து கிடக்கும். மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு மம்பட்டியை ஆழமாகப் போட்டுக் கொத்தினால் அந்த வேர்களைத்தான் வெட்டுகிறாய். களை அதற்குள் அடங்கிவிட வேண்டும். நட்டதும் இடையில் சணப்பு விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழுதுவிடு. களையும் அடங்கும், மண்ணும் பொலபொலக்கும். ஊடுபயிராக வெள்ளரி, பூசணி, பரங்கி வேண்டவே வேண்டாம். வாழையைத் தாக்கும் தேமல் வைரஸ் அந்தக் கொடிகளிலும் தங்கும், அசுவினி மூலம் தாவும். கொடியில் வருகிற சில்லறைக்காகத் தாரை அடகு வைக்காதே.

உரத்தில் வாழை கேட்பது பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து. வேளாண் பல்கலைக்கழகம் தோட்டக்கால் நிலத்துக்கு ஒரு வாழைக்குச் சொல்லும் அளவு 110 கிராம் தழை, 35 கிராம் மணி, 330 கிராம் சாம்பல் சத்து. தழையைப் போல மூன்று மடங்கு சாம்பல் சத்து என்பதைக் கவனி. நஞ்சைக்கு அளவு கூடும். மண் பரிசோதனையைப் பார்த்துச் செய். தழை, சாம்பல் சத்துகளை மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் பிரித்துப் போட வேண்டும்; மணிச்சத்தை மூன்றாம் மாதத்திலேயே போட்டுவிடலாம். மூன்றாம் மாத உரத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. யூரியா போட்டதும் இலை கருகருவென்று வருவதைப் பார்த்து மயங்கிப் பொட்டாஷை விட்டுவிடுபவர்கள் பலர். அடியிலைகள் நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகிச் சுருண்டு காய்ந்தால் அது பொட்டாஷ் பசி. உரத்தைத் தண்டின் மேல் கொட்டாமல் ஒரு முழம் தள்ளி வட்டமாகப் போட்டு, மண் அணைத்து, உடனே தண்ணீர் விடு.

செடி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கக் குருத்தைப் பார். வெயிலும் தண்ணீரும் சரியாக இருக்கிற காலத்தில் வாரத்துக்கு ஒரு புது இலை விரியும். மார்கழி, தை குளிரில் கொஞ்சம் தாமதமாகும். வரிசைக்கு ஒரு வாழையில் புது இலையின் காம்பில் பெயின்ட் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார். மேலே இன்னொன்று விரியவில்லையென்றால் ஏதோ குறை: தண்ணீர் போதவில்லை, அல்லது அதிகம், அல்லது வேரில் நூற்புழு. இலை சாதாரண விஷயமில்லை. குலை தள்ளிய பிறகு ஒரு புது இலைகூட வராது. அப்போது கையில் இருக்கிற இலைதான் கடைசிவரை காயைப் பருக்க வைக்க வேண்டும். குலை தள்ளும்போது பத்துப் பன்னிரண்டு நல்ல இலை நிற்கட்டும். எட்டுக்குக் கீழே போனால் கடைசிச் சீப்புகள் விரல் விரலாகத்தான் நிற்கும்.

இங்கேதான் இலை வியாபாரியின் ஆசை வார்த்தை வரும். முகூர்த்த மாதங்களில் நுனி இலைக்கு விலை ஏறும்; வாசலிலேயே வந்து கட்டுக் கட்டாக அறுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். இலைக்கென்று வாழை வைப்பது தனி விவசாயம். நெருக்கி நட்டு, தழைச்சத்தைக் கூட்டி, கன்றுகளை விட்டு வளர்ப்பார்கள். அது நல்ல தொழில்தான். ஆனால் தாருக்கென்று வைத்த வாழையில் இலை அறுக்கவிட்டால் இரண்டும் கெடும். வைக்கும்போதே தாரா, இலையா என்று முடிவு செய். வீட்டு விசேஷத்துக்கு நாலு இலை அறுத்துக்கொள், அதோடு நிறுத்து.

கோடை, வாழைக்குச் சோதனைக் காலம். 27 டிகிரி வாக்கில் அது சுகமாக வளரும். 38-ஐத் தாண்டினால் வளர்ச்சி தேங்கும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் 40 சாதாரணம். வாய்க்கால் அடைத்திருக்கும் நாட்களும் அவைதான். உன் போரில் கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டு எத்தனை வாழை என்று முடிவு செய். வளர்ந்த வாழைக்கு நாளுக்கு 20 லிட்டர் வாக்கில் வேண்டும். இரண்டு ஏக்கருக்கும் தண்ணீர் வராது என்றால் ஒரு ஏக்கர் வை. அரைவயிற்றுக்கு இரண்டு ஏக்கரை விட வயிறார ஒரு ஏக்கர் அதிகம் தரும். சருகையும் வைக்கோலையும் அடியில் மூடாக்காகப் போடு. தென்மேற்குப் பக்கம் அகத்தியோ சவுக்கோ நெருக்கமாக விதைத்துவிடு. காற்றும் அனலும் மட்டுப்படும்.

பக்கக் கன்று மாதாமாதம் வரும். மாதாமாதம் அறு. குலை தள்ளும்வரை ஒன்றையும் விடாதே. தாயின் சாப்பாட்டைத்தான் அவை தின்கின்றன. அப்படி அறுக்கப் போகிற நடையே நோய்க்கு உன் காவலாகவும் இருக்கும்.

என்ன பார்க்க வேண்டும் என்கிறாயா? அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடி நீளவாக்கில் வெடிக்கும். தண்டைக் குறுக்கே வெட்டினால் வெள்ளை மட்டைகளுக்கிடையே செம்பழுப்பு வளையங்கள். அது வாடல். இலைகள் குட்டையாக, விறைப்பாக, உச்சியில் கொத்தாக நெருங்கி, காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விட்டு விட்டு ஓடினால் முடிக்கொத்து. இரண்டுக்கும் மருந்து கிடையாது. யாராவது டப்பாவோடு வந்து இருக்கிறது என்றால் நம்பாதே. முடிக்கொத்துச் செடியில் முதலில் அசுவினிக்கு மருந்தடித்துக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்து அழி. வாடல் வந்த செடியை வயல் வழியே இழுத்துக்கொண்டு போகாதே. அதன் அடியில் ஓடிய தண்ணீர் அடுத்த வரிசைக்குப் போகாதபடி வாய்க்காலை மறி; வெட்டிய அரிவாளையும் மம்பட்டியையும் கழுவிவிட்டு அடுத்த செடிக்குப் போ. அந்தக் காளான் வாழையே இல்லாமல் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

மத்திய அமெரிக்காவில் குரோ மிஷெல் என்ற ஒரே ரகத்தை மலைபோலப் பயிரிட்டு, அதே வாடல் நோயால் போன நூற்றாண்டின் நடுவில் முழுதாகக் கைவிட்டார்கள். பதிலுக்கு வந்தது கேவண்டிஷ் கூட்டம். கிராண்ட் நைனும் அதில் ஒன்று. இப்போது டி.ஆர்.4 என்ற புது வாடல் அந்தக் கூட்டத்தையே தாக்குகிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. வடக்கே போகிற நண்பர்கள் நல்ல கன்று கொண்டுவருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்.

தண்டில் சின்னத் துளையும் அதிலிருந்து கண்ணாடி போல வழிகிற பிசினும் தெரிந்தால் தண்டுக் கூன்வண்டு. காய்ந்த மட்டைகளை உரித்துத் தண்டைச் சுத்தமாக வை. அறுவடையான தண்டை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, நெடுக்காகப் பிளந்து, பிளந்த பக்கம் தரையில் படும்படி அங்கங்கே போட்டுவைத்தால் வண்டு அதில் வந்து அடையும். காலையில் பொறுக்கி அழி.

குலை தள்ளியதும் செய்ய வேண்டியவை சில. சவுக்குக் கம்பால் முட்டு கொடு, குலை சாயும் பக்கத்தில். கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிடு. வீட்டுக்குப் பொரியலும் ஆச்சு. தார்க்காம்பு வளைகிற இடத்தில் வெயில் படாமல் கடைசி இலையை மடித்து மூடு. அந்த இடம் வெந்தால் தாரே முறிந்து விழும். காற்றுக்கு முட்டு கொடுத்தாலும் ஓரளவுதான் தாங்கும். 2017-இல் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து வாழைகளை ஒரே நாளில் சாய்த்தது. அடுத்த வருடம் கஜா டெல்டாவை. நம் பக்கம் புயல்கூட வேண்டாம், சித்திரை மாதத்துச் சாயங்காலக் காற்று போதும். உன் பிர்காவில் வாழைக்குப் பயிர்க் காப்பீடு அறிவித்திருக்கிறார்களா என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, கடைசித் தேதிக்கு முன்னால் கட்டிவிடு. அடங்கலை இப்போதே வாங்கி வை.

குலை தள்ளி மூன்று மாதத்தில், ரகத்தைப் பொறுத்து நான்கு மாதத்துக்குள், காயின் விளிம்பு மழுங்கி உருண்டுவரும். தூரத்துக்குப் போகிற தாரைச் சற்று முன்னதாகவே வெட்டலாம். வெட்டிய தாரைத் தரையில் போடாமல் இலை பரப்பி அதன்மேல் கிடத்து. இன்று படுகிற சிராய்ப்பு நாளை கடையில் கறுப்பாகத் தெரியும். பழுக்க வைப்பது உன் வேலை இல்லையென்றாலும், கல் வைத்துப் பழுக்க வைக்கும் மண்டிக்குக் கொடுக்காதே. கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது; எத்திலின் வாயு வைத்த அறையில் முறையாகப் பழுக்க வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் தின்கிற பழம் அது.

மறுதாம்பு விடுவதாக இருந்தால், குலை தள்ளியதும் எல்லா வாழையிலும் ஒரே திசையில் வந்த ஒரே ஒரு ஈட்டிக் கன்றை விடு, வரிசை கலையாது. தோட்டத்தில் வாடல் தலைகாட்டியிருந்தால் மறுதாம்பே வேண்டாம். தாரை எடுத்ததும் கிழங்குகளைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, நெல் நடு. நீர் கட்டிய வயலில் அந்தக் காளானின் வீரியம் குறையும். படுகைக்காரனுக்கு அந்த வசதி இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது மண்ணை எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பதும், வயலின் பழைய கதையைக் கேட்பதும். தொட்டியம் பக்கம் பூவன் தோட்டங்கள் இரண்டு மூன்றை எனக்குத் தெரியும். குலை நிற்கிற சமயம் இது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வா, கன்றுக்கு முன்பணம் யாருக்கும் கொடுத்துவிடாதே. அரிவாளும் கொண்டு வா. நாலு கன்றைத் தோண்டிச் சீவிப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்